முனியப்பன் காலடி மண்

கெம்பம்மா ஒரு சொம்புத் தண்ணீருடன் கேட்டுக்கு வந்தபோது நாங்கள் பிளேட்டிங் ஷெட்டின் தரையை உடைத்துக்கொண்டிருந்தோம். வேலை தொடங்கி அன்று மூன்றாம் நாள்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில், உத்தனப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது அந்த இடம். ஐந்து ஏக்கர். இருபத்தாறு வருடம் அங்கே பைக் பாகங்களுக்கு குரோம் பூசினார்கள். பிறகு மூடிவிட்டார்கள். போன வருடம் பெங்களூர்க் கம்பெனி ஒன்று அதை வாங்கியது. பேட்டரி ஸ்கூட்டருக்குப் பாகம் செய்யப் போகிறார்கள். வாங்குவதற்கு முன் மண்ணையும் தண்ணீரையும் சோதித்து அறிக்கை கொடுத்தவன் நான். வாங்கிய பிறகு சுத்தம் செய்யும் வேலையை மேற்பார்வையிட வந்திருப்பவனும் நான்தான்.

கேட்டில் கங்கப்பன் இருந்தார். பழைய கம்பெனியில் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர். புதியவர்கள் அவரை வாட்ச்மேனாக வைத்துக்கொண்டார்கள். யூனிஃபார்ம் அவருக்கு இரண்டு அளவு பெரியது.

"இன்னா கெம்பக்கா, சொம்பத் தூக்கினு வந்துட்ட? எங்களுக்கு மோரா?"

"மோரு வேற கேக்குதா உனக்கு? நகரு. அந்தக் கண்ணாடி போட்ட சாரைக் கூப்புடு."

"சார் வேலையா இருக்கறாரு."

"என் மாடும் வேலையாத்தான் இருக்குது. தண்ணி குடிக்காத வேலை."

நான் போனேன். கெம்பம்மாவின் வீடு கம்பெனியின் பின்சுவரை ஒட்டி, தாழ்வான பக்கம் இருக்கிறது. இரண்டு சீமை மாடு, அரை ஏக்கர் செண்டுமல்லி, ஒரு போர். கணவர் இல்லை. அவர் சொம்பை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு நாளா மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது. நீங்க படிச்சவரு. பாத்துச் சொல்லுங்க."

எவர்சில்வர் சொம்பில் நிறம் தெரியவில்லை. என் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்து அதில் ஊற்றினேன். இளமஞ்சள். எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர் மாதிரி.

கங்கப்பன் ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கேட்டைப் பூட்டப் போனார். கேட் பூட்டித்தான் இருந்தது.

என் பையில் ஒரு சோதனைப் பெட்டி உண்டு. சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் தண்ணீர், அதில் ஒரு பொட்டலம் பொடி, மூடிக் குலுக்க வேண்டும். குரோமியத்தில் ஒரு மோசமான வகை இருக்கிறது. பூச்சுத் தொட்டியில் இருப்பது அதுதான். அது தண்ணீரில் இருந்தால் ஊதா வரும். "நாவப்பழக் கலர் வந்தா அந்த ஊர்ல காப்பிகூடக் குடிக்காதே" என்பாள் லிபியா. என் மனைவி. பாகலூர் ரோட்டில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நான் எடுத்து அனுப்பும் மண்ணைச் சோதித்தவள் அவள்தான். அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

குப்பி நாவல்பழமாக ஆனது.

"இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. சமைக்கவும் வேணாம்" என்றேன்.

கெம்பம்மா சொம்பைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "பிரவீனா குடிச்சுட்டாளே" என்றார்.

பிரவீனா அவருடைய ஒரே மகள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்து இருபது நாள்.

*

பிரவீனா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். விடுப்பில் வந்திருக்கிறாள். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"லிமிட் எவ்ளோ சார்? இதுல எவ்ளோ இருக்குது?"

"லேபுக்கு அனுப்பணும். கண்ணுக்கு மஞ்சளாத் தெரியுதுன்னா லிமிட்டைவிடப் பல மடங்கு."

"எத்தன நாளா?"

"தெரியல."

"டாக்டர் அதத்தான் கேப்பாங்க. எத்தன நாளா, எவ்ளோ, எங்கேர்ந்து. ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

"விசாரிச்சு எழுதித் தர்றேன்."

"வாங்கறப்ப எல்லாம் டெஸ்ட் பண்ணாங்கன்னு அம்மா சொன்னாங்க. அந்த ரிப்போர்ட்ல யாரு சைன் பண்ணது?"

"நான்தான்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கெம்பம்மா மகளைப் பார்த்து, "சும்னிரம்மா, அவரு என்னா பண்ணுவாரு" என்றார். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க உள்ளே போனவர், பாதியில் நின்று, வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

அதைப் பார்த்தபோது பதினான்கு மாதத்தில் முதல் முறையாக எனக்கு எங்கேயோ வலித்தது.

*

ஹரீஷ்குமார் புதிய கம்பெனியின் மேலாளர். வாரத்துக்கு இரண்டு நாள் பெங்களூரிலிருந்து வருவார். நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் தன் காரிலிருந்து இரண்டு தண்ணீர்க் கேனை இறக்கி, அவரே தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார். பிறகு கன்டெய்னர் ஆபீசில் உட்கார்ந்து என் அறிக்கையைத் திறந்தார்.

"எபினேசர், தினமும் டேங்கர் அனுப்பணும், மண்ணைத் தோண்டணும்னா எனக்கு ஒரு காரணம் வேணும். உங்க ரிப்போர்ட் என்ன சொல்லுது? பிரச்சினை ஷெட்டுக்குள்ள மட்டும். யார்டுல இருக்கறது இயற்கை. நீங்க எழுதினது."

உண்மைதான். கெடாத மண் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்ட மண்ணை அளக்க முடியும். அதனால் முதலில், எதுவும் கொட்டாத ஓர் இடத்தில் மண் எடுப்போம். பேக்ரவுண்ட் சாம்பிள் என்று பெயர். மற்ற மண்ணையெல்லாம் அதோடுதான் ஒப்பிடுவோம். அந்த வளாகத்தில் நான் தேர்ந்தெடுத்த இடம் தெற்கு மூலை. அங்கே ஒரு முனியப்பன் கல் இருக்கிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் ஒரு சூலம். இருபது வருடமாக ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தொழிலாளர்கள் பொங்கல் வைத்த இடம். சாமி இருக்கிற இடத்தில் எவனும் கழிவு கொட்டமாட்டான் என்று நினைத்தேன். துளைபோடும் ஆட்கள் அங்கே இயந்திரத்தைக் கொண்டுவர மறுத்தார்கள். நானே கையால் திருகும் துரப்பணத்தால் எடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு எடுத்தேன். நான் சர்ச்சுக்குப் போகிறவன்தான். இருந்தாலும் கழற்றினேன்.

அந்த மண்ணில் குரோமியம் அதிகமாக வந்தது. சில பாறைகளில் இயல்பாகவே அதிகம் இருக்கும். "இப்பகுதியில் குரோமியம் இயற்கையாகவே கூடுதல்" என்று ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியால் வளாகம் முழுவதும் இயற்கை ஆகிவிட்டது.

"ரெண்டு மாசம் ஸ்டடி பண்ணலாம். எங்கேர்ந்து வருதுன்னு நிரூபிச்சா நானே முன்ன நின்னு தோண்டறேன்" என்றார் ஹரீஷ்குமார்.

இரண்டு மாதத்தில் பிரவீனாவுக்குப் பிரசவம்.

*

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். டாஷ்போர்டைத் திறந்தேன்.

அதற்குள் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. சோதனைக்கூடத்திலிருந்து மூல அறிக்கை வந்த கவர். முகவரி லிபியாவின் கையெழுத்தில் இருக்கும். என் பெயரில் 'ன்' மட்டும் பெரிதாக இருக்கும். அவள் அதை எழுதி அனுப்பிய நாள் ஒரு வியாழன். அன்று மாலை ஸ்கூட்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது ஜூஜூவாடி பக்கத்தில் ஒரு லாரி. கவர் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. அப்போது நான் கல்லறைத் தோட்டத்தில் இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஆபீஸ் போனேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. எண்கள் எல்லாம் மின்னஞ்சலில் ஓர் அட்டவணையாக வந்திருந்தன. அதைப் பார்த்து அறிக்கை எழுதினேன். கவரைப் பிரிக்கவில்லை. பிரித்தால் அவளிடமிருந்து இனிமேல் வர ஒன்றும் இருக்காது.

இப்போது பிரித்தேன்.

ஆறு தாள். கடைசித் தாள் முனியப்பன் மண். குறிப்புக் கட்டத்தில் நீல மையில், அலுவலக ஆங்கிலத்தில், மண்ணை ஊறவைத்து எடுத்த சாறு மஞ்சளாக இருக்கிறது, இது இயற்கைக் குரோமியம் அல்ல, மாதிரியை வேறிடத்தில் மீண்டும் எடுக்கவும் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தாள். அதற்குக் கீழே ஓரத்தில், பென்சிலில்:

"எபி, செருப்பைக் கழட்டினது வீண். இது சாமி மண் இல்லை, கம்பெனி மண். சாயங்காலம் சொல்றேன்."

வெயில் காரின் கண்ணாடியைத் தாண்டி மடியில் விழுந்தது. தாளை அந்த வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கங்கப்பன். கையில் டீ.

"சாரு அழுவறாரா?"

"இல்ல. கங்கப்பண்ணா, முனியப்பன் கல்லுக்கு அடியில என்ன இருக்கு?"

அவர் சுற்றிப் பார்த்துவிட்டு முன்கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"சேறுங்க. தொட்டி அடியில தேங்குமே, அந்த மஞ்ச சேறு. டிரம்மு டிரம்மா. எடுத்துக்கினு போற லாரி நாலு மாசம் வர்ல. யாரோ பாக்க வர்றாங்கன்னு ரெண்டே நாள்ல குழி வெட்டி மூடச் சொன்னாங்க. வெட்டுன கை இதுதான்."

"முதல் தடவ வந்தப்பவே கேட்டேனே. எங்கியாவது புதைச்சீங்களான்னு."

"கேட்டீங்க. இல்லன்னேன்."

"சாமி எப்ப வந்துச்சு?"

"மூடி ஒரு வாரம் எனக்கு சோறு எறங்கல. பசங்க அந்த எடத்துலதான் டிபன் பாக்ஸத் தொறந்து உக்காருவானுங்க. ஒருத்தன் கொய்யாச் செடி நடலாம்ன்றான், இன்னொருத்தன் இங்க போர் போட்டா தண்ணி வரும்ன்றான். வாயத் தொறந்து சொல்லவும் முடியாது. அப்பறம் தளிப் பக்கம் போயி ஒரு கல்லக் கொண்டாந்து நட்டுட்டு, கனவுல முனியப்பன் வந்தாருன்னு சொல்லிட்டேன். அவ்ளோதான். அன்னிலேர்ந்து ஒருத்தன் அங்க மம்பட்டி வெக்கல. எச்சிகூடத் துப்பல."

"கனவு பொய்யா?"

"அன்னிக்குப் பொய்யிதான். ஆனா பொய்க் கல்லு இல்ல சார் அது. இருவது வருசம் கும்புட்டா கல்லுக்குத் தெரியாதா? என் ரெண்டாவது பொண்ணு பன்னெண்டாவது பாஸானது இவராலதான்." மடியிலிருந்த தொப்பியைத் திருப்பினார். "நீங்க செருப்பக் கழட்டிட்டு, முட்டி போட்டு மண்ணெடுத்தீங்களே, அப்பவே சொல்லிடலாம்னு கிட்ட வந்தேன். வேற மதத்துப் புள்ள இவ்ளோ மரியாதையா எடுக்குது, இதுகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு ஓடிட்டேன்."

"சொல்லியிருக்கலாம்."

"வேல போயிரும்னு பயம்."

"நானும் ஒரு கவரைப் பிரிக்காம வெச்சிருந்தேன்."

தாளைக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வராது. பென்சில் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"உங்க வீட்டம்மா எழுதுனதா?"

"ஆமா."

"வீணில்ல சார்" என்றார். "செருப்பக் கழட்டுனது." டீயை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். டீ ஆறியிருந்தது. குடித்தேன்.

*

ஹரீஷ்குமாரிடம் எல்லாம் சொன்னேன். அவர் எழுந்து போய் கன்டெய்னர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எபினேசர், இதை வேற மாதிரியும் சொல்லலாம். மழை பெஞ்சுது. கங்கப்பன் இப்பத்தான் வாயத் தொறந்தார். புதுத் தகவல். உங்க ரிப்போர்ட் அப்ப தெரிஞ்ச வரைக்கும் சரி. யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டாங்க."

"அப்படிச் சொன்னா எப்பத் தோண்டலாம்?"

"புது ஸ்டடி. புது அப்ரூவல். அதே ரெண்டு மாசம்."

"இந்தத் தாளைக் கொடுத்தா?"

அவர் மேசையில் விரலால் தட்டினார். "கொடுத்தா நிரூபணம் பழசு. வாங்கறதுக்கு முன்னாடியே இங்க இருந்ததுன்னு ஆயிடும். பழைய ஓனர் தட்டிக்கழிக்க முடியாது. நாளைக்கே நான் வேலையை ஆரம்பிக்கலாம். ஆனா உங்க கையில இந்தத் தாள் பதினாலு மாசம் இருந்திருக்கு. அதை எல்லாரும் படிப்பாங்க."

"தெரியும்."

"ஒரிஜினல் வேணும். காப்பி போதாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும், அப்புறம் வக்கீல் கிட்ட போகும். எப்பத் திரும்ப வரும்னு சொல்ல முடியாது."

அதை நான் நினைத்திருக்கவில்லை. ஆபீசில் ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. தாளை வைத்து ஒரு நகல் எடுத்தேன். நீல மை நன்றாக விழுந்தது. பென்சில் விழவில்லை. இருட்டைக் கூட்டி இன்னொன்று எடுத்தேன். தாள் முழுவதும் சாம்பலானது. 'சாயங்காலம்' என்ற சொல்லின் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது போலிருந்தது.

ஹரீஷ்குமார் மேசையில் கிடந்த ரப்பரைப் பார்த்தார். "பென்சில்ல இருக்கறது பர்சனல். அழிச்சுட்டுக்கூடக் குடுக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

"வேணாம். அதுவும் அறிக்கைதான்."

தாளைக் கொடுத்தேன். அவர் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்று வெளியேறும்படி உள்ளங்கையால் தடவினார். மெதுவாகத் தடவினார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி டேங்கருக்குப் போன் செய்தார்.

அன்று பிற்பகல் பிரவீனாவுக்கு ஒரு பேப்பர் எழுதினேன். பழைய கம்பெனி ஓடிய வரை அதன் போர் நாள் முழுக்கத் தண்ணீர் இழுத்தது. நிலத்தடித் தண்ணீர் அந்தப் பக்கமே போனது. கம்பெனியை மூடினார்கள், இழுப்பு நின்றது. இந்த வருடம் மழை நன்றாகப் பெய்து தண்ணீர் மேலே ஏறிக் குழியைத் தொட்டது. சரிவு கெம்பம்மா வீட்டுப் பக்கம். மண்ணுக்குள் தண்ணீர் நகரும் வேகத்தைக் கணக்கிட்டால், போருக்கு வந்து ஐந்து, ஆறு வாரம் இருக்கும். அவள் குடித்தது இருபது நாள். கடைசியில் இன்னொரு வரி சேர்த்தேன். பதினான்கு மாதம் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும், தவறு என்னுடையது. கையெழுத்துப் போட்டேன்.

அவள் வாசலில் நின்றபடியே படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"இத எதுக்கு எழுதுனீங்க? டாக்டருக்கு இது வேணாமே."

"நீங்க கேட்டீங்க. யாரு சைன் பண்ணதுன்னு."

"ஏன் பாக்கல அப்ப?"

சொன்னேன். மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவள் பேப்பரை நான்காக மடித்தாள்.

"எனக்குக் கோவம் இருக்குது சார்" என்றாள்.

"இருக்கட்டும்."

"சாப்ட்டீங்களா?"

"இல்ல."

"அம்மா, சாருக்குச் சோறு போடு. கேன் தண்ணியிலதான் ஆக்கினது."

*

அடுத்த நாள் காலையில் உடனே தோண்ட முடியவில்லை. முனியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

சாமியை எடுத்து வேறிடத்தில் வைப்பதென்றால் பூ வாக்குக் கேட்க வேண்டும் என்றார்கள். பழைய தொழிலாளர்கள் ஏழெட்டுப் பேர் செய்தி கேட்டு வந்திருந்தார்கள். கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, உச்சியில் ஈரத்தோடு ஒரு பூவை வைப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. பூ கெம்பம்மா தோட்டத்துச் செண்டுமல்லி. அவரே எடுத்து வந்து கொடுத்தார்.

பூ விழவில்லை.

பத்து மணிக்கு வைத்த பூ. பதினொன்றரை ஆனது. ஜேசிபி ஓட்டுநர் வண்டி நிழலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஹரீஷ்குமார் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு முறையும் கல்லைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கங்கப்பா, உன் சாமிக்கு மூக்குமேல கோவம்டா" என்றார் ஒருவர்.

"எனக்கா கோவம்? ஏப்பா முனியப்பா, அடியில படுத்துக் கெடக்கறத எடுத்துட்டா உனக்கே நல்லதுதானே. எத்தன வருசம் அந்த நாத்தத்துல நிப்ப?"

"நீதானே நிறுத்துன" என்றார் கெம்பம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். கங்கப்பன் சிரிக்கவில்லை. கல்லுக்கு முன்னால் மண்டிபோட்டார். வாய்க்குள் ஏதோ சொன்னார். எனக்கு 'மன்னிச்சுக்கோ' என்ற சொல் மட்டும் கேட்டது. எழுந்து நேராக ஜேசிபி ஓட்டுநரிடம் போனார்.

"தம்பி, வண்டிய ஸ்டார்ட் பண்ணி வையி."

"பூ விழலியே."

"ஓட்ட வேணாம். சும்மா ஸ்டார்ட் மட்டும் பண்ணு."

வண்டி உறுமியது. தரை லேசாக அதிர்ந்தது. பூ ஒரு முறை ஆடி, வலப்பக்கம் விழுந்தது.

கங்கப்பன் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கெம்பம்மா சொன்னார், "சாமிக்கு ஜேசிபி பாசை தெரியுது நோடு, பாரு."

அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். என் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது. லிபியாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பிறகு நினைவு வந்தது. ஆனால் நினைவு வருவதற்கு முன் ஒரு நொடி இருந்தது. அந்த நொடி கெட்டதாக இல்லை.

கல்லை ஆறு பேர் தூக்கி, கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் வைத்தார்கள். அங்கே மண்ணை முதலில் சோதித்தேன். சுத்தம். அதைச் சொன்னதும் கங்கப்பன் தலையாட்டினார். "இப்பத்தான் சாமிக்கு சொந்த எடம்."

ஐந்தடியில் சேறு வந்தது. மஞ்சளும் பச்சையுமாக, வெயிலில் அழகாகவே இருந்தது. துருப்பிடித்த டிரம்கள் தொட்டதும் உடைந்தன. கையுறை, முகமூடி போட்டுப் பதினெட்டு நாள் தோண்டினோம். தார்ப்பாய் போர்த்திய லாரிகளில் அபாயக் கழிவு புதைக்கும் நிலத்துக்கு அனுப்பினோம். ஒவ்வொரு லாரி போகும்போதும் கங்கப்பன் கேட்டைத் திறந்துவிட்டு நிமிர்ந்து நின்றார். சிறுசாக ஒரு யூனிஃபார்ம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

குழியைத் தோண்டியதால் தண்ணீர் சரியாகிவிடாது. கம்பெனியின் பழைய போரை மறுபடி ஓட்டி, கெட்ட தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பி இழுத்துச் சுத்திகரிக்க வேண்டும். மெதுவான வேலை.

என் ஆபீசில் விசாரணை நடந்தது. ஒரு வருடம் எந்த அறிக்கையிலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது என்றார்கள். களத்துக்குப் போய் மாதிரி எடுக்கலாம். சரி என்றேன்.

பிரவீனாவுக்கு ரத்தமும் சிறுநீரும் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் வாரம் ஒரு முறை வரச் சொன்னார் டாக்டர். பேப்பரில் நாள் கணக்கு இருந்தது உதவியாக இருந்ததாம். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ தொள்ளாயிரம். கெம்பம்மா எனக்குப் போன் செய்து முதலில் சொன்னது எடையைத்தான்.

*

மாதம் ஒரு முறை கெம்பம்மா வீட்டுப் போரில் தண்ணீர் எடுக்கிறேன். நேற்று ஐந்தாம் முறை.

பிரவீனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். குப்பியில் தண்ணீர் ஊற்றி, பொடி போட்டு, மூடிக் குலுக்கினேன். எல்லோரும் குப்பியையே பார்த்தார்கள். குழந்தை மட்டும் என் கண்ணாடியைப் பார்த்தது.

இளஞ்சிவப்பு வந்தது. நாவல்பழம் இல்லை.

"போன மாசத்துக்கு இது பரவால்ல" என்றாள் பிரவீனா. அவள் ஒவ்வொரு மாதமும் குப்பியைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். தரச் சோதனைக்காரி.

கெம்பம்மா அதற்குள் ஒரு வாளியில் பிடித்து மாட்டுக்கு முன்னால் வைத்தார். மாடு மூக்கை வைத்தது. யோசித்தது. குடிக்கத் தொடங்கியது.

"பாத்தியா! மாடே குடிக்குது."

ஓடிப்போய் வாளியை இழுத்துவிட்டேன். "மாடு குடிச்சாப் போதாது கெம்பக்கா. இந்தக் கலர் சுத்தமா வராம இருக்கணும். அதுவரைக்கும் டேங்கர்தான். மாட்டுக்கும்."

"எத்தன நாளு?"

பொய் சொல்லலாம். சொல்லவில்லை. "ஒரு வருசம். ஒண்ணரையும் ஆகலாம்."

அவர் வாளித் தண்ணீரை நாங்கள் வைத்திருந்த கழிவுத் தொட்டியில் கொட்டினார். மாடு அவரைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"அதுவரைக்கும் நீதானே வருவ? வேற ஆள அனுப்பிட மாட்டாங்களே?"

எப்போது 'நீ' ஆனேன் என்று கவனிக்கவில்லை. லிபியா போனதிலிருந்து அடுத்த வாரத்தைத் தாண்டி நான் எதையும் நினைத்ததில்லை. காலண்டர்கூட வாங்கவில்லை.

"நான்தான் வருவேன்" என்றேன்.

"அப்ப சரி. உள்ள வா, சாப்புடு."

குப்பியில் சீட்டு ஒட்டினேன். இடம், தேதி, நேரம் எழுதினேன். குறிப்புக் கட்டத்தில் 'இளஞ்சிவப்பு, குறைந்து வருகிறது' என்று மையில் எழுதினேன். பிறகு பையில் பென்சில் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. ஓரத்தில் சின்னதாக எழுதினேன்: "மாடு அவசரப்படுது."

இப்போது அந்தச் சோதனைக்கூடத்தில் வேறொரு பெண் இருக்கிறாள். மணிமேகலை என்று பெயர். படித்தால் சிரிப்பாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.